அடைகாத்த கோபம்

டிக்கெட்டக்காவுக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் சூடாகும். மனசு நிறைந்தால் அதே தண்ணீரின் மேல் பனித்தோல் படியும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளந்ததில்லை. பேசுகிற பேச்சே அப்படித்தானே இருக்கிறது: கோபம் வந்தவன் கொதிக்கிறான், எரிந்து விழுகிறான், பொறாமைக்காரனுக்கு வயிறு எரிகிறது, நல்ல சேதி கேட்டவனுக்குக் காது குளிர்கிறது, பிள்ளையைப் பார்த்தவளுக்குக் கண் குளிர்கிறது, நாலு வார்த்தை புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் வாயளவில் சொல்லிவிட்டுப் போவதை இவள் உடம்பு நிஜமென்று நம்பிவிட்டது, அவ்வளவுதான் விஷயம் என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அவள் முதல் மதிப்பெண் வாங்கிய அன்று அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் ஜலதோஷம் பிடித்தது. அதன்பிறகு அவளுடைய அம்மா மகளைப் பாராட்ட வேண்டியிருந்தால், முதலில் ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டுதான் பாராட்டுவாள். வளர்ந்து, பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்கு வந்தாள். நேரப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு "அந்த பஸ் எப்ப வரும்?" என்று கேட்பவர்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருந்ததால், குளிர்காலத்தில் அவளுடைய கவுன்ட்டர்தான் நிலையத்திலேயே கதகதப்பான இடம். எங்கேயும் போகாதவர்கள்கூட அந்த வரிசையில் வந்து நின்றார்கள். முன்னே வந்ததும் கைகளைத் தேய்த்துக்கொண்டே ஏதாவது ஒரு அசட்டுக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பின்னால் போய் மறுபடி நின்றுகொண்டார்கள்.

அவளைக் கட்டிக்கொண்டவர் பூட்டுக்காரர். கடைத்தெருத் திருப்பத்தில், கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற ஒரு கடையில் பூட்டு பழுது பார்ப்பதும் சாவி வெட்டுவதுமாக இருந்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். கவுன்ட்டர் மேசையின் இழுப்பறைச் சாவி தொலைந்துபோன ஒரு நாளில் அவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். வந்தார், குனிந்தார், திறந்தார், ஒரு கேள்விகூடக் கேட்காமல் போய்விட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தன்னிடம் எதையும் கேட்காமல் போன முதல் ஆள் அவர்தான் என்று அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். சொல்லும்போதே தண்ணீர்க் குடத்துக்குள் பனி தட்டியது, பெற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெயில் கொளுத்துகிற மாதத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தில் விருந்தாளிகள் பல் கிட்டிக்க வாழ்த்திவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் கோடையில் அந்த வீட்டுக்கு மின்விசிறி தேவைப்படவில்லை. குளிர்காலத்தில்தான் கொஞ்சம் சிரமம். புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றுமையாக இருந்ததால் தெருவிலேயே அதிகம் குளிர்கிற வீடு அதுதான். ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கு நுனி சிவக்க, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி டீ குடிப்பார்கள். டீ ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய இல்லறத்தின் ஒரே அவசரம்.

கோழிகள் அவர்களிடம் வந்து சேர்ந்தது பக்கத்து வீட்டுப் பல் டாக்டரால். அவர் ஊரை விட்டுப் போகும்போது, மாடிக் குடியிருப்பில் கோழி வளர்க்க விடமாட்டார்கள் என்று சொல்லி, கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்து பின்கட்டில் வைத்துவிட்டார். நாலைந்து பெட்டைகள், ஒரு சேவல். சேவலுக்கு மேனேஜர் என்று பெயர். சத்தம் போடுவதைத் தவிர வேறு வேலை பார்க்காது. ஒரு பெட்டைக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். செம்பழுப்பு நிறத்தில், கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு இருந்த இன்னொன்று எதைச் செய்தாலும் ஆட்சேபணை தெரிவிக்கும். தீனி போட்டாலும் கொக்கரிக்கும், போடாவிட்டாலும் கொக்கரிக்கும், முட்டை எடுக்கக் கையை நீட்டினால் வழக்கே தொடுத்துவிடும். அதற்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தாள் டிக்கெட்டக்கா. நாள் பூராவும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, எந்தப் பதிலையும் ஏற்காத ஒரு ஜீவன் பிடித்துப்போனது இயல்புதான். வேலையிலிருந்து வந்தவுடன் செருப்பைக்கூட மாற்றாமல் பின்கட்டுக்குப் போவாள். வக்கீலம்மா ஓடி வந்து அவள் பாதத்தின் மேல் ஏறி நின்றுகொள்ளும். கோடை முழுக்க அது எல்லோருக்கும் சுகமாக இருந்தது. அவள் நிழலில் ஒதுங்கினால் கோழிகளுக்கும் குளுகுளுவென்று இருக்கும் அல்லவா.

குளிர்காலம் நெருங்கியதும் இருவருமாகக் கூண்டைத் தயார் செய்தார்கள். வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார்கள். கோழிகள் ஏறி உட்காரும் உருட்டுக் கட்டையை எடுத்துவிட்டு, பூட்டுக்காரர் ஒரு பட்டைப் பலகையைப் பொருத்தினார். தட்டையாக இருந்தால்தான் கோழி தன் வயிற்று இறகாலேயே கால்விரல்களை மூடிக்கொள்ளும். காற்று அடிக்கிற பக்கம் சாக்கைக் கட்டினார், கூரைக்கு அடியில் மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டார். கோழிக்குக் குளிரைவிடக் கூண்டுக்குள் தேங்குகிற ஈரம்தான் பகை என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். கொண்டை குளிரில் கருகாமலிருக்கத் தினமும் வாஸலின் தடவச் சொல்லியிருந்தார். பொழுது சாய்ந்ததும் ஒரு கை மக்காச்சோளம் போட்டால் இரவெல்லாம் வயிறு அதை அரைத்துக்கொண்டே உடம்பைச் சூடாக வைத்திருக்கும் என்றார். எக்காரணம் கொண்டும் உள்ளே விளக்கு மட்டும் தொங்கவிடாதே என்றார். அவருடைய பழைய கூண்டு அப்படித்தான் எரிந்து சாம்பலானது. அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார்கள். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று, அது அவருக்கும் தோன்றவில்லை. அந்தக் குளிர்காலத்தின் ஒரு சாயங்காலம் டிக்கெட்டக்கா கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து, தூங்குமூஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு அதன் கொண்டைக்கு வாஸலின் தடவினாள். கோழி அவள் மடியில் அப்படியே கண்ணை மூடியது. அவளுக்கு மனசு நிறைந்துபோனது. விடிந்து பார்த்தபோது தண்ணீர்த் தட்டு அடிவரை கல்லாக இறுகியிருந்தது, தூங்குமூஞ்சி பலகையிலிருந்து விழுந்து விறைத்துக் கிடந்தது.

அவள் அழுதாள். அவளுடைய துக்கத்துக்குச் சூடும் கிடையாது குளிரும் கிடையாது, மற்றவர்களுடைய துக்கத்தைப் போலத்தான் அது. அன்றிலிருந்து பனி முடிகிற வரை பின்கட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எல்லாவற்றையும் பூட்டுக்காரரே பார்த்துக்கொண்டார். அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். வக்கீலம்மா கம்பி வலைக்குப் பின்னால் வந்து நின்று, ஜன்னலைப் பார்த்துத் தன் வாதத்தை எடுத்து வைக்கும். "இங்கருந்தே பார்த்துக்கறேன், போடி" என்று அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்வாள். அவளுக்கு எதன் மேல் பிரியமோ அதற்குக் கிட்டே அவள் போகக்கூடாது என்றால் என்ன செய்வது? பூட்டுக்காரருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எத்தனையோ பூட்டைத் திறந்தவர், இதற்கு எந்தச் சாவியைப் போடுவது என்று தெரியாமல் ஒரு வருஷம் சுற்றினார்.

சாவி அடுத்த குளிர்காலத்தின் தொடக்கத்தில் தானாகக் கைக்கு வந்தது. மக்காச்சோளம் வாங்கிவரச் சொன்னால், அவர் ஞாபக மறதியில் கிளிக்குப் போடுகிற தினையை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதோடு கூண்டுக் கதவின் கொக்கியையும் மாட்டாமல் போயிருந்தார். ஊருக்கே பூட்டு மாட்டுகிறவர். ஜன்னல் வழியாகக் கதவு காற்றில் ஆடுவதைப் பார்த்துவிட்டு அவள் ஓடி வந்து கதவைச் சாத்தினாள், திரும்பி அவரைப் பிடித்துக்கொண்டாள். "தினை வாங்கிட்டு வந்து நிக்கறீங்களே, நாம என்ன கிளியா வளர்க்கறோம்? சொல்றது காதுல விழுதா இல்லையா?" என்று தொடங்கி, அவருடைய மறதியின் பூர்வகதை முழுவதையும் எடுத்துப் போட்டாள். அவள் பேசப் பேசத் தட்டில் இருந்த பனிக்கட்டி விளிம்பில் இளகியது, பிறகு மிதந்தது, பிறகு காணாமல் போனது. கோழிகள் ஒவ்வொன்றாகப் பலகையிலிருந்து இறங்கி வந்து அவளைச் சுற்றி நின்றன. வக்கீலம்மா அவள் பாதத்தின் மேல் ஏறி, ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் விரித்து வெயில் காய்வது மாதிரி சாய்ந்துகொண்டது. அவள் திட்டிக்கொண்டே குனிந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பூட்டுக்காரர் கையில் தினைப் பையோடு நின்றபடி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் ஒரு தப்பைச் சரியாகச் செய்திருப்பதை உணர்ந்தார்.

அதன்பிறகு அவர் செய்தது ஊரில் எந்தப் புருஷனும் செய்யத் துணியாத காரியம். தினமும் சாயங்காலம், கோழிகள் அடையும் நேரத்தில், அவளுக்கு எரிச்சல் வருகிற மாதிரி ஏதாவது ஒன்றைச் செய்வது என்று வைத்துக்கொண்டார். அவளிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்கிறான் என்று தெரிந்தால் யாருக்குக் கோபம் வரும்? பாவம், அந்தக் கலையில் அவர் கத்துக்குட்டி. முதலில் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டுப் பார்த்தார். டப்பாக்களின் மூடிகளைத் திருகாமல் சும்மா வைத்துவிட்டு வந்தார்; அவள் தூக்கியதும் மூடி மட்டும் கையோடு வந்தது. அவள் முக்கியமான விஷயம் பேசும்போது பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி சரி" என்றார். குழாயைச் சரி செய்கிறேன் என்று கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். ஒருநாள் துணிந்து, "டீ எங்க அக்கா போடற மாதிரி இல்ல" என்றார். அன்று கூண்டுக்கூரையில் தொங்கிய பனிக்கூர்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. இதெல்லாம் நடக்கிற இடம் எப்போதும் பின்கட்டாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அவள் கேட்க வேண்டியதைக் கேட்கவே பின்னால் வர வேண்டியிருந்தது, வந்தால் கோழிகள் சுற்றிக்கொண்டன, திட்டிக்கொண்டே மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டாள், திட்டிக்கொண்டே ஒவ்வொரு கொண்டையாகப் பிடித்து வாஸலின் தடவினாள். தெருவில் மற்ற வீட்டுக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தியிருந்த நாட்களில் இந்த வீட்டுக் கோழிகள் இடைவிடாமல் இட்டன.

அவருக்குத்தான் பாடு. அவள் புதுச் சால்வை போட்டுக்கொண்டு வந்து நிற்பாள், அழகாக இருக்கிறது என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நிற்கும், விழுங்கிக்கொள்வார். தலைவலி என்று அவள் படுத்திருந்த அன்று நெற்றியைத் தடவிக் கொடுக்கக் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தித் தன் காதைச் சொறிந்துகொண்டார். சொல்லாமல் விட்டதையெல்லாம் எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே. கடையில் குனிந்து உட்கார்ந்து, பழுதுக்கு வந்த பூட்டுகளின் சாவித் துளைக்குள் மெல்லச் சொன்னார். என் கண்ணே, உன் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று துருப்பிடித்த ஒரு கிடங்குப் பூட்டிடம் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் அவர் கைபட்ட பூட்டுகள் எண்ணெய் போடாமலே திறந்தன. சிலது, சாவியைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே திறந்துகொண்டதாகச் சொந்தக்காரர்கள் வந்து புகார் செய்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார்.

குளிர் உச்சத்துக்குப் போனபோது அவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. ஈரத் துண்டுக்கு அவள் பழகிவிட்டாள், பெருமூச்சு விட்டு எடுத்துக் காயப்போட்டுவிட்டுப் போனாள். பெருமூச்சில் என்ன சூடு இருக்கும்? மேனேஜரின் கொண்டை நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் பூட்டுக்காரர் தன் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். அக்கா குறை கண்டுபிடிப்பதில் பேர் போனவள். வாசலில் கால் வைக்கும்போதே ஒரு விரலால் கதவு நிலையைத் தடவித் தூசியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். வந்த அன்றே அரிசிப் பானை இருக்கிற மூலையை மாற்றினாள். திரைச்சீலையைப் பார்த்து, "இது கழுவறதுக்கா, இல்ல இப்படியே விட்டுடறதா?" என்று கேட்டாள். "தம்பி ரொம்ப இளைச்சுட்டான்" என்று யாரிடமோ சொல்வது போலச் சுவரிடம் சொன்னாள். டிக்கெட்டக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க அண்ணி" என்றாள், "ஆமாங்க அண்ணி" என்றாள், எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து நின்றாள். அங்கேதான் பூட்டுக்காரர் கணக்குப் போடாமல் விட்டுவிட்டார். வாய்விட்டுத் திட்டினால் வருவது அளவான சூடு. நாத்தனாரிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் வருவது வேறு. கூரைப் பனி ஒரே மூச்சில் வழிந்து கொட்டியது. தெருப் பூனைகள் எல்லாம் மதில் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கோழிகள் இறக்கையை உடம்பிலிருந்து தூக்கி, அலகைத் திறந்துகொண்டு இரைத்தன. காலையில் முட்டை எடுக்கப் போன பூட்டுக்காரர் கையைச் சுட்டுக்கொண்டார். உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கரு வரைக்கும் வெந்திருந்தது. "உப்பு மட்டும்தான் பாக்கி" என்று அக்கா அதை ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டாள். அவளை அன்றைக்கே ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

விஷயம் உடைந்தது டிக்கெட் கவுன்ட்டரில். ஊருக்குப் புறப்பட்ட அக்கா, தம்பி பெண்டாட்டியிடமே வரிசையில் வந்து நின்று டிக்கெட் கேட்டாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லை. கண்ணாடித் துளைக்குக் குனிந்து, "என் மேல வருத்தம் வெச்சுக்காதம்மா. எனக்கென்ன பைத்தியமா, வந்த எடத்துல இவ்வளவு பேச? அவன்தான் கூப்பிட்டு, வந்து நாலு நாள் கொஞ்சம் குறை சொல்லிட்டுப் போக்கா, கோழிங்க குளிர்ல செத்துடும்னான். நீ கோழியத் தூக்கி வெச்சுக்கணும்னுதான் அவனும் தினம் ஏதாவது பண்ணிக்கிட்டு இருக்கானாம்" என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிப் பார்த்துவிட்டு, பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். டிக்கெட்டக்கா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் துண்டு ஞாபகம் வந்தது. டப்பா மூடிகள் ஞாபகம் வந்தன. தினமும் சாயங்காலம் பின்கட்டில் ஒரு குற்றவாளியைப் போல நின்று, திட்டு வாங்கிக்கொண்டே அவள் இடுப்பில் இருக்கும் கோழியைப் பார்த்து லேசாகப் புன்னகைத்த முகம் ஞாபகம் வந்தது. கவுன்ட்டர் கண்ணாடியில் பனி பூப்பூவாகப் படர்ந்தது. பேனா எழுதவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் பக்கத்துக் கவுன்ட்டருக்கு நகர்ந்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான சாயங்காலம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பூட்டுக்காரர் கூண்டின் கதவருகே, அன்றைய தப்புக்கு என்ன செய்வது என்று யோசித்தபடி, கையில் காலியான மக்காச்சோள டப்பாவோடு நின்றிருந்தார்.

"எல்லாம் வேணும்னேதான் பண்ணீங்களா?" என்றாள்.

அவருக்குப் பொய் வராது. தலையை ஆட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. டப்பாவைக் கீழே போட்டுவிட்டு அவளை அணைத்துக்கொண்டார். நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. கட்டிக்கொள்வதும் அணைப்பதுதான், அடுப்பை நிறுத்துவதும் அணைப்பதுதான். அவள் அப்படியே அணைந்துபோனாள். அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர்த் தட்டு படீரென்று விரிசல் விட்டது, சாக்குத் திரை பலகையாக விறைத்தது, வைக்கோல் மேல் வெள்ளை பூத்தது, கோழிகள் ஒன்றுக்குள் ஒன்று தலையைச் செருகிக்கொண்டன. வழக்கம்போல அவள் பாதத்தைத் தேடி வந்த வக்கீலம்மா பாதி வழியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்று, மறு காலும் மடிந்து, ஆட்சேபணை ஏதும் சொல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தது.

"ஏதாவது சொல்லுங்க, சீக்கிரம்" என்று அவள் அவரைத் தள்ளினாள். "எனக்குக் கோபம் வர்ற மாதிரி."

"நீ போடற டீ கேவலமா இருக்கு" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மீசையில் பனி படிந்தது. "உனக்குப் பொறுப்பே இல்ல" என்று பார்த்தார், "உன் மூஞ்சி" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் ஒன்றும் தோன்றாமல் நிறுத்தினார். எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு வசவும் காதில் கொஞ்சலாகவே விழுந்தது. இனி தன்னால் இந்த இடத்தில் நிற்கவே முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடினாள். பூட்டுக்காரர் வக்கீலம்மாவை எடுத்து ஸ்வெட்டருக்குள் விட்டு, நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் கால்விரல்கள் அவர் வயிற்றில் ஈர ஆணிகளைப் போல ஒட்டின. அது மூச்சு விடுகிறதா, அவர் நெஞ்சுதான் அடிக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

தெருக்கோடியில், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த மனுஷன் எனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்று நினைக்க நினைக்க கம்பம் வெளுத்தது. அப்புறம், அந்த நினைப்புக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. தலைவலியோடு படுத்திருந்த அன்று நெற்றி வரைக்கும் வந்து திரும்பிப்போன கை. புதுச் சால்வை போட்டுக்கொண்டு நின்றபோது அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அவள் அழுத நாட்கள். ஆண்களுக்கு ஒரு வயதுக்கு மேல் இப்படித்தான் ஆகிவிடும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்ட நாட்கள். அவள் கை பட்டிருந்த இடத்தில் கம்பத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தது. அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். அவள் கால் வைத்த இடத்திலெல்லாம் தெருப்பனி இளகி, பின்னால் ஒரு கறுப்புத் தடம் நீண்டது என்று ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டுத் தையல்காரர் சொன்னார். ஜன்னலைத் திறந்து பார்த்ததாகவும், சாத்தத் தோன்றவில்லை என்றும் சொன்னார்.

"மூணு மாசமா உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள், கூண்டு வாசலில் நின்று. சத்தம் போடவில்லை. "தெனம் வேலைக்குப் போறப்ப கண்ணாடியப் பார்த்து, அப்படி என்ன கொறைஞ்சுபோச்சுன்னு தேடினேன். குளியலறையில குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? கோழிக்கு எது நல்லதுன்னு யோசிச்சீங்க. எனக்கு எது நல்லதுன்னும் நீங்களே யோசிச்சு முடிச்சுட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

பூட்டுக்காரர் ஸ்வெட்டரோடு வக்கீலம்மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் சொன்னது உண்மை. அதைவிட, அவள் அழுதிருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அவருடைய கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்தில் உறையவில்லை என்பதை அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். அந்தச் சூடு அதுவரை அந்தப் பின்கட்டுக்கு வந்திராத சூடு. தினை வாங்கி வந்த அன்று அடித்த அனலும் இல்லை, நாத்தனார் வந்தபோது முட்டையை வேகவைத்த கொதிப்பும் இல்லை. பிரியம் அதைக் குளிரப் பார்த்தது, கோபம் அதைக் கொதிக்கப் பார்த்தது. இரண்டும் இழுத்துக்கொண்டதில் நடுவே ஒரு இடத்தில் வந்து நின்றது. முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் கோழியின் வயிற்றுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். வைக்கோலில் வெள்ளை மறைந்தது. மேனேஜர் தலையை வெளியே எடுத்தது. ஸ்வெட்டருக்குள் ஏதோ அசைந்தது, பிறகு அவர் கழுத்துப் பக்கமாக வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கழுத்து நீண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, நடந்தது அத்தனைக்கும் சேர்த்துத் தன் ஆட்சேபணையைத் தெரிவித்தது.

"நீ சும்மா இரு, பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்று டிக்கெட்டக்கா அதனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே வைக்கோல் மேல் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் பனி முடிகிற வரைக்கும் தாங்கியது. நடுவில் வக்கீலம்மா, காலம் தப்பி, தன் போக்கில் அடையில் உட்கார்ந்து குஞ்சு பொரித்தது. வெளியே ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கையில் பஞ்சுருண்டை மாதிரிக் குஞ்சுகள் அவள் பாதத்தைச் சுற்றித் திரிந்தன.

அதற்கப்புறம் அவர்களுக்குள் எந்த ஒளிவுமறைவும் இல்லை. வெயில் காலத்தில் பூட்டுக்காரர் பாராட்டுவார். அந்த வருஷம் பூட்டுகளுக்குள் சொல்லிவைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்துச் சொன்னார், தெருக்காரர்கள் விசிறியை வைத்துவிட்டு அவர்கள் வீட்டு வாசல் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார்கள். குளிர்காலம் வந்தால் அவள் அந்த ஒரு கோபத்தை எடுத்துக்கொள்வாள். புதிதாக எதையும் அவர் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது ஒன்றே போதுமாக இருந்தது. அதை அவள் ஆற விடவில்லை, கொதிக்கவும் விடவில்லை. பனி கடுமையான நாட்களில் அக்கம்பக்கத்தார் தங்கள் கோழிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்து, "கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போவார்கள். பல் டாக்டர் ஒருமுறை பழைய ஊரைப் பார்க்க வந்தவர், கூண்டுக்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, விளக்கு ஏதும் தொங்குகிறதா என்று கூரையைத் தேடினார். விவரம் சொன்னதும், அப்படியானால் சரி என்று டீ குடித்துவிட்டுப் போனார். வக்கீலம்மா தன் ஆயுசு முடிந்து, ஒரு இளவேனில் பகலில், கொக்கரித்துக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்தது. அதன் பேத்திகளில் ஒன்றுக்கும் கழுத்தில் வெள்ளைப் பட்டை இருந்தது, அதற்கும் எதிலும் உடன்பாடு இல்லை.

இருவருக்கும் தலை நரைத்த பிறகு ஒரு வருஷம், முதல் பனி விழுந்த சாயங்காலம், பூட்டுக்காரர் மக்காச்சோளத்தைப் போட்டுவிட்டு, இரண்டு முக்காலிகளைக் கூண்டு வாசலில் எடுத்துப் போட்டார். டிக்கெட்டக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் நல்ல மனநிலையில் இருந்தாள் போலிருக்கிறது, தட்டு விளிம்பில் லேசாகப் பனி கட்டியிருந்தது. பேத்திக் கோழி வந்து அவள் பாதத்தின் மேல் ஏறி நின்று, காத்துக்கொண்டிருந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் அவர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று அவள் ஆரம்பித்தாள். அவர் தன் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டார்.